முழுங்காத மாத்திரையின் மகிமை

"வாயைத் திறங்க."

லிஃப்ட் மெக்கானிக் வாயைத் திறந்தார். ஐம்பத்தேழு வயது மனுஷன் அடுப்படியில் நின்று பெண்டாட்டிக்கு வாயைப் பிளந்து காட்டுவது கௌரவமான காரியம் இல்லைதான். ஆனால் காட்டினால்தான் டீ வரும்.

"நாக்கைத் தூக்குங்க."

தூக்கினார்.

"ம், முழுங்கிட்டீங்க. இந்தாங்க."

முழுங்கவில்லை. வலது பக்கம் கடைவாய்ப் பல் இரண்டு விழுந்த பொந்தில் மாத்திரை சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பல் போனதில் அவருக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான். டீயை இடது பக்கமாகவே குடித்தார். இனி டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்கவேண்டும். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடித் திருப்பத்தில், மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும், மாத்திரையைக் கைக்குட்டையில் துப்பி, பையில் இருக்கும் ஃப்யூஸ் டப்பாவுக்குள் போடுவார். தூக்கி எறிய மனசு வராது. காசு கொடுத்து வாங்கினது.

அன்றைக்கு அவள் கதவைச் சாத்தவில்லை.

"நில்லுங்க. முட்டி எப்படி இருக்கு?"

மாத்திரையின் மேல்தோல் வெந்நீரில் விழுந்த சோப்பு மாதிரி இளகிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த மஞ்சள் தூள் கன்னத்தில் இறங்க ஆரம்பித்தது. கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு.

"அப்படியேதான்," என்றார், உதட்டைப் பிரிக்காமல்.

"அப்படியேவா? மூணு வாரம் ஆச்சு. அப்ப டோஸ் பத்தல." அவள் உள்ளே திரும்பிவிட்டாள். "சாயங்காலத்துலேர்ந்து ரெண்டு ரெண்டா குடுக்கிறேன்."

இரண்டாவது மாடியில் அவர் துப்பியது தோல் மட்டும்தான். தூளில் பாதி கைக்குட்டையில், பாதி நாக்கில். முழுங்காமல் இருப்பதற்கு ஒரு மனுஷன் இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று தோன்றியது. அதற்கு முழுங்கியே தொலைக்கலாம். ஆனால் ஒரு தடவை முழுங்கிவிட்டால் அப்புறம் நம்பவேண்டி வரும்.

அவருக்கு நம்பிக்கை வராததற்குக் காரணம் உண்டு. பழுதான லிஃப்ட்டைத் திறந்து பார்க்காமல் வாசலில் நின்றே கோளாறு சொல்லுகிற மெக்கானிக்கை அவர் பக்கத்தில் சேர்க்கமாட்டார். இந்த மாத்திரையை விற்றது அவர் மச்சினி, பெண்டாட்டியின் தங்கை. அவள் இவர் முட்டியை ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. பாட்டிலில் எழுதியிருந்ததைப் படித்தாள், அவ்வளவுதான். "பதினெட்டு வகைச் செடி மாமா. மஞ்சள், இஞ்சி, சாம்பிராணி மரத்துப் பிசின். ரசாயனமே கிடையாது."

"சாம்பிராணியைப் புகை போடுவாங்க. முழுங்குவாங்களா?"

"உங்க வாய்க்கே முட்டிவலி வரணும்," என்றாள் மச்சினி.

இவள் இதற்கு முன்னால் தண்ணீர் வடிகட்டி விற்றாள். அது இன்னும் அட்டைப்பெட்டியிலேயே கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

முட்டியைத் திறந்து பார்க்காவிட்டாலும் படம் எடுத்துப் பார்த்த ஆள் ஒருவர் உண்டு. கிளினிக் டாக்டர். "ரெண்டு முட்டியும் தேய்மானம். எடையைக் குறைங்க. தொடைக்குப் பயிற்சி சொல்லித் தர்றேன், விடாம செய்யுங்க. ரொம்ப முடியாத அன்னிக்கு மட்டும் இந்த வலி மாத்திரை," என்றார் அவர். செடி மாத்திரையைப் பற்றிப் பெண்டாட்டி கேட்டதற்கு, "சிலருக்குக் கொஞ்சம் கேக்கும், சிலருக்கு ஒண்ணும் ஆகாது. சாப்பிட்டா எங்கிட்ட மறைக்காதீங்க," என்றார். சாப்பிடாததை மறைப்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், "முக்கியமா மாடி ஏறாதீங்க," என்றார்.

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. "என் வேலை என்னன்னு எழுதியிருக்கீங்களே, பாருங்க."

டாக்டர் சீட்டைப் பார்த்தார். "லிஃப்ட் மெக்கானிக். ரொம்ப நல்லதாப் போச்சு. லிஃப்ட்லயே போயிடலாமே."

படித்தவர்கள் இப்படித்தான். ஓடுகிற லிஃப்ட்டுக்கு மெக்கானிக்கை எவன் கூப்பிடுவான்? நின்று போனால்தான் போன் வரும். நின்று போன லிஃப்ட்டின் மோட்டார் அறை மொட்டை மாடியில் இருக்கும். எட்டு மாடியோ பதினொரு மாடியோ, ஏறித்தான் ஆகவேண்டும். மேலே பிரேக்கைப் பார்த்துவிட்டு, கீழே லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கிப் பார்க்கவேண்டும். கீழே பார்த்தது சரியா என்று மறுபடி மேலே. எல்லாம் சரியானதும், ஓட்டிப் பார்க்க ஒரே ஒரு தரம் லிஃப்ட்டில் போகலாம். முப்பத்தொரு வருஷமாக ஊரையெல்லாம் நின்ற இடத்திலிருந்தே மேலே அனுப்பிவிட்டு, அவர் மட்டும் படியில் ஏறிக்கொண்டிருந்தார்.

அதற்கு ஒரு முடிவு வருகிற மாதிரி இருந்தது. அலுவலகத்தில் புகார் போன் எடுக்கிற பெண் வேறு வேலைக்குப் போய்விட்டாள். மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டு, "அண்ணே, அந்த நாற்காலிக்கு அனுபவப்பட்ட மெக்கானிக் ஒருத்தரைப் போடலாம்னு பாக்கிறேன். பாதிப் புகார் போன்லயே முடிஞ்சிடும்," என்றார்.

"முடியும் சார். கதவு இடுக்குல செருப்பு மாட்டியிருக்கும். எடுங்கன்னு சொன்னா போதும். அதுக்கு நான் பதினோரு மாடி ஏறியிருக்கேன்."

"உங்க முட்டி நிலைமை எனக்குத் தெரியும். முதலாளி சரின்னதும் முதல்ல நீங்கதான்."

அந்த நாற்காலியை அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சுழலும் நாற்காலி, ஒரு சக்கரம் கொஞ்சம் ஆட்டம். ஆணி முடுக்கினால் சரியாகிவிடும். பக்கத்தில் மின்விசிறி. தரைத்தளம். அதில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தும் பார்த்தார். எழுந்திருக்கவே தோன்றவில்லை.

வீட்டில் மூச்சு விடவில்லை. கைக்கு வராததைப் பற்றி வாய் திறக்கிற ஆள் இல்லை அவர். அதோடு, பெண்டாட்டியிடம் சொன்னால் மச்சினிக்குப் போகும். மச்சினிக்குப் போனால் மாத்திரை சாப்பிட்டதால்தான் பதவி உயர்வு என்று ஊருக்குப் போகும்.

சாயங்காலம் இரண்டு மாத்திரை வந்தது. பொந்தில் இரண்டுக்கு இடம் இருந்தது. மறுவாரம் மூன்றானது. கூடவே ஒரு பெரிய டம்ளரில் பச்சையாக ஒரு கரைசல். அதைக் கன்னத்தில் ஒதுக்க முடியாது. அது தோட்டத்தைப் பிழிந்து வடிகட்டாமல் விட்ட மாதிரி இருந்தது.

"இது எதுக்கு?"

"மாத்திரை வேலை செய்யலைன்னா இதையும் சேத்துக் குடுக்கணுமாம். இதுக்கும் கேக்கலைன்னா எண்ணெய் இருக்காம். ராத்திரி தடவி, துணியைச் சுத்தி, காலையில வெந்நீர்ல..."

மெக்கானிக் அவளைப் பார்த்தார். அவளும் ஒரு பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கரண்டி பிடித்துக் கை வலிக்கச் சமைக்கிறவள். அந்தக் கை வலியோடு இவர் காலுக்கு எண்ணெய் தடவ உட்காரப் போகிறாள். இதை நிறுத்த ஒரே வழிதான் இருந்தது.

"வேண்டாம். இப்ப கொஞ்சம் பரவாயில்ல," என்றார்.

"என்ன பரவாயில்ல?"

"முட்டிதான். காலையில இறங்கும்போது பாத்தேன். வலி குறைஞ்ச மாதிரி இருக்கு."

சனியனைத் தூக்கிப் பனியனுக்குள் விட்டுக்கொள்வது என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் அவர் அதைத்தான் செய்தார்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். முகம் மலர்ந்தது. "நிஜமாவா?"

"ம்."

"நான்தான் சொன்னேனே, நான்தான் சொன்னேனே," என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். கரைசல் தப்பியது, எண்ணெய் தப்பியது. மாத்திரை தப்பவில்லை. திரும்பி வந்ததும் சொன்னாள்: "நிறுத்தினா வலி திரும்ப வந்துடுமாம். ஒரு வருஷத்துக்குக் கண்டிப்பா சாப்பிடணுமாம்."

சரியாகவில்லை என்றால் மூன்று மாத்திரை, சரியாகிவிட்டது என்றால் ஒரு வருஷம். இந்த வியாபாரத்தை ஆரம்பித்தவன் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் இனி நொண்டவும் முடியாது. அறைக்கு அறை நிமிர்ந்து நடந்தார். நொண்டுவதை எல்லாம் படிக்கட்டில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினி போனை நீட்டிப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தாள். "மாமா, ஒரே ஒரு தடவை மாடி ஏறிக் காட்டுங்க. எங்க குரூப்ல போடணும்."

"நான் என்ன குரங்கா, ஏறிக்காட்ட?"

"அக்கா, பாரு இவரை. உங்களால எத்தனை பேர் முட்டி நல்லாகும், யோசிச்சீங்களா?"

"ஏறிக்காட்டுங்களேன். என்ன இப்ப? தினமும் ஏறுறதுதானே," என்றாள் பெண்டாட்டி. அவள் கண்ணில் இருந்த பெருமையைப் பார்த்தால் மறுக்க வாய் வரவில்லை.

முந்தின நாள் பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டு தரம் ஏறியதில் முட்டி வீங்கிப்போய், டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைக் காலையில்தான் போட்டிருந்தார். அந்தத் தைரியத்தில் கீழே இறங்கினார். மச்சினி முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஏறினாள். இவர் கைப்பிடியைத் தொடாமல் மூன்று மாடி ஏறினார். இரண்டாவது மாடியில் கண்ணுக்குள் பூச்சி பறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். மேலே வந்த பிறகும் உதடு விரிந்து, கடித்த பல் தெரிய, முகம் அப்படியே நின்றுவிட்டது.

"என்ன ஒரு சிரிப்பு, பாருக்கா," என்றாள் மச்சினி, படத்தைப் பார்த்து.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். நாற்காலிதான் என்று மெக்கானிக் தலையைக் கொஞ்சம் வாரிக்கொண்டு போனார். மேனேஜர் தன் போனை மேஜைமேல் வைத்துத் திருப்பினார். அதில் மெக்கானிக் மாடி ஏறிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது நீங்கதானே?"

"நான்தான் சார். இது எப்படி உங்ககிட்ட?"

"எங்க வீட்டம்மா அந்த மாத்திரைதான் சாப்பிடுறா. அவங்க குரூப்ல வந்திருக்கு. நாலாயிரம் பேர் பாத்திருக்காங்கண்ணே. அந்தச் சிரிப்பு இருக்கே..."

"அன்னிக்கு வலி மாத்திரை போட்டிருந்தேன் சார்."

"அடக்கம்ணே உங்களுக்கு." மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "இதை முதலாளிகிட்ட காட்டினேன். அவரும் அசந்துட்டார். ஒரே முடிவா எடுத்துட்டோம். ஒருத்தருக்கு நாற்காலி போட்டா மத்த மூணு பேர் முட்டி என்னாகிறது? அதனால நாற்காலி வேண்டாம். நாலு மெக்கானிக்குக்கும் மாசம் ஆளுக்கொரு பாட்டில். கம்பெனி செலவு. போனை நானே எடுத்துக்கிறேன்."

மெக்கானிக் நின்றுகொண்டே இருந்தார்.

"சந்தோஷத்துல பேச்சே வரல பாருங்க," என்றார் மேனேஜர்.

வெளியே மற்ற மூன்று மெக்கானிக்குகளும் கையில் ஆளுக்கொரு பாட்டிலோடு நின்றார்கள். தடித்த கண்ணாடி போட்டவருக்குச் சோடாபுட்டி என்று பேர். இருபது வருஷமாக இவரோடு மாடி ஏறுகிறவர். கண்ணும் போய் முட்டியும் போனவர். அவர்தான் பேசினார்.

"வாப்பா, நடமாடும் அதிசயம். நீ இந்த வருஷம் அந்த நாற்காலியில உக்காந்தா, நீ போனப்புறம் நான் உக்காரலாம்னு இருந்தேன். எங்க எல்லார் அடியிலயும் இருந்து நாற்காலியை ஒரே உருவா உருவிட்டியே."

"நான் முழுங்கலப்பா."

"என்ன முழுங்கல?"

மெக்கானிக் ஃப்யூஸ் டப்பாவைத் திறந்து காட்டினார். ஃப்யூஸுகளுக்கு நடுவே மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டி, மஞ்சளாய்க் கட்டி தட்டிப் போயிருந்தன. சோடாபுட்டி டப்பாவைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது எல்லாம் உன் வாயிலேர்ந்து வந்ததா?"

"ஆமா."

டப்பாவைச் சட்டென்று தள்ளிப் பிடித்தார் சோடாபுட்டி. "இதை எங்கிட்ட ஏன் காட்டுறே? உள்ள போய் அந்த ஆள்கிட்ட காட்டு."

உள்ளே போனார். டப்பாவை மேஜைமேல் வைத்தார். ஒன்றுவிடாமல் சொன்னார். பல் பொந்து, கைக்குட்டை, பச்சைக் கரைசல், எல்லாம். மேனேஜர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"அண்ணே, உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. அதனால கோபப்படல. நாற்காலி போயிடுச்சேன்னு இப்ப கதையை மாத்துறீங்க."

"கதை இல்ல சார்."

"அப்ப அந்தச் சிரிப்பு?"

"பல்லைக் கடிச்சேன் சார்."

"பல்லைக் கடிச்சவன் முகம் அப்படியா இருக்கும்? எங்க வீட்டம்மா பாத்ததுமே சொன்னா, இது உள்ளேர்ந்து வர்ற சிரிப்புன்னு." மேனேஜர் டப்பாவை மூடி இவர் பக்கம் தள்ளினார். "சரி, ஒண்ணு செய்யுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை அந்த மாத்திரைக் கம்பெனியோட ஆண்டுக் கூட்டம் இருக்கு. உங்களை மேடையில பேச வைக்கப் போறாங்க. நானும் வர்றேன், உங்க வீட்டம்மாவும் வருவாங்க. இப்ப எங்கிட்ட சொன்னதை அங்க, அவங்க முன்னாடி, மைக்ல சொல்லுங்க. நான் நம்பறேன். மறுநாளே நாற்காலி உங்களுக்கு."

"மேடையா? எனக்கு யாரும் சொல்லலையே."

"உங்க மச்சினி ஒத்துக்கிட்டாங்களாம்."

அந்த வாரம் முழுக்க உயரமான கட்டடங்கள் எல்லாம் அவருக்கே வந்தன. முட்டி நல்லாயிருக்கிற ஆள் அவர் ஒருத்தர்தானே. ஒன்பதாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து, வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசிப்பார். மைக்கில் சொல்வதற்கு முன்னால் அவளிடம் தனியாகச் சொல்லிவிடுவதுதான் மனுஷத்தனம். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளை அத்தனை பேர் முன்னால் தலைகுனிய வைக்கலாமா? இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் வீட்டுக்குப் போவார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார்.

"இருங்க, நானும் ஒண்ணு சொல்லணும்." அவள் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். "உங்களுக்கு நான் எத்தனை வைத்தியம் பாத்திருப்பேன்? முதுகுக்கு, சளிக்கு, தூக்கம் வராததுக்கு. ஒண்ணாவது பலிச்சிருக்கா? எல்லாத்துக்கும் ஒரு நக்கல் பண்ணிட்டுப் போயிடுவீங்க. இது ஒண்ணுதான் பலிச்சிருக்கு. பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொன்னேன். அவர் என் பேச்சைக் கேட்டு ரெண்டு வேளையும் முழுங்கினாருன்னு." இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தாள். "சரி, நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. காலர்ல மஞ்சள் கறை இருக்கு."

"அதான் பாக்கிறேன், போகவே மாட்டேங்குது," என்றாள் அவள்.

கூட்டம் நடந்த மண்டபம் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. கீழே லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. முட்டிவலிக்காரர்கள் நூறு பேர் அட்டையையும் படிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "மெதுவா ஏறுங்க, ஏறுங்க. நம்ம மாத்திரை மேல நம்பிக்கை இல்லையா?" என்று மார்பில் பேட்ஜ் குத்தின ஒரு பெண் ஒவ்வொருவராக ஏற்றிவிட்டாள்.

"நீங்கதான் லிஃப்ட் மெக்கானிக்காச்சே, என்னன்னு பாருங்களேன்," என்றாள் பெண்டாட்டி.

"அது வேற கம்பெனி லிஃப்ட். நான் தொடக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் படியில் காலை வைத்தார். அவள் பக்கத்தில் வந்ததால் கைப்பிடியைப் பிடிக்கவில்லை.

மேடையில் ஐந்து நாற்காலிகள். பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு படம். அதில் ஒரு மனிதர் மலைப்படியில் இரண்டு இரண்டு படியாகத் தாவிக்கொண்டிருந்தார். கீழே, 'முதன்முதலில் குணமானவர், பதினொரு ஆண்டு ஆரோக்கியம்' என்று எழுதியிருந்தது. படத்தில் இருந்தவரே கோட்டுப் போட்டு ஓர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். அவருடைய மனைவிதான் இந்த மாத்திரைக் கம்பெனியை ஆரம்பித்தவர். எல்லோரும் அவரைத் தலைவியம்மா என்றார்கள். மெக்கானிக்குக்கு அந்தப் பெரியவர் பக்கத்து நாற்காலி கிடைத்தது. வணக்கம் சொன்னார். பெரியவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர் பேசினார். பிறகு தையற்காரர். பிறகு ஓட்டல்காரர். மூன்று பேரும் சொல்லிவைத்த மாதிரி, "என் மனைவி வற்புறுத்தினாங்க, இப்ப சரியாயிடுச்சு," என்று இரண்டே வாக்கியத்தில் முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று பேருடைய மனைவிகளும் முன்வரிசையில் கைதட்டினார்கள்.

"அடுத்து, நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச அந்தச் சிரிப்பு," என்றார் தலைவியம்மா.

மெக்கானிக் எழுந்தார். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். முன்வரிசையில் பெண்டாட்டியும் மச்சினியும். மச்சினி போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மூன்றாவது வரிசையில் மேனேஜரும் அவர் வீட்டம்மாவும். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு, சொல்லத்தான் போகிறாயா பார்ப்போம் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

முட்டி இரண்டும் விண்விண் என்று தெறித்தன. இப்போது சொல்லாவிட்டால் நாளைக்குக் காலையில் பதினொரு மாடி. நாளன்றைக்கும் பதினொரு மாடி. இவருக்கு மட்டும் இல்லை, கண் தெரியாத சோடாபுட்டிக்கும்தான்.

"எனக்குப் பேசிப் பழக்கம் கிடையாது," என்று ஆரம்பித்தார். "லிஃப்ட் ரிப்பேர் பண்ற ஆளு நான். என் பொண்டாட்டி ரெண்டு வேளையும் மாத்திரை குடுத்தா. ஒரு நாள் தவறாம குடுத்தா. அவ மேல ஒரு தப்பும் கிடையாது. நான்தான் முழுங்கல."

கைதட்டத் தூக்கின கைகள் அப்படியே நின்றன.

"ஒண்ணுகூட முழுங்கல. கன்னத்துல ஒதுக்கி வெளிய துப்பிட்டேன். முட்டி முன்னவிட மோசமா இருக்கு. அந்தப் படத்துல நான் சிரிக்கல. முழுங்கியிருந்தா நல்லாயிருக்குமோ என்னமோ, அது எனக்குத் தெரியாது. முழுங்கினவங்க சொல்லணும். முழுங்காதவன் சொல்லக் கூடாது, அதான் சொல்றேன்." பெண்டாட்டியைப் பார்த்தார். "நீ எண்ணெய் வேற தடவணும்னு சொன்னே. உன் கையும் வலிக்குமேன்னு, சரியாயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அது இவ்வளவு தூரம் வந்துடுச்சு."

மச்சினி போனை இறக்கினாள். மேனேஜர் கட்டின கையைப் பிரித்துத் தன் வீட்டம்மாவைப் பார்த்தார். அந்தம்மா முட்டியைத் தடவிக்கொண்டிருந்தது. தலைவியம்மா முகத்தில் சிரிப்பு வார்னிஷ் அடித்த மாதிரி அப்படியே இருந்தது. பெண்டாட்டி நிமிர்ந்து இவரையே பார்த்தாள். கோபமா அழுகையா என்று தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது. வங்கிக் காசாளரும் தையற்காரரும் ஓட்டல்காரரும் ஒரே சமயத்தில் தங்கள் செருப்பைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

நிற்க முடியவில்லை. மெக்கானிக் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மைக் அணையவில்லை என்பது அவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த பெரியவருக்கும் தெரியாது.

படத்தில் மலை ஏறிக்கொண்டிருந்த அந்த மனிதர் முதல்முறையாகத் தலையைத் தூக்கி, இவர் பக்கமாகச் சாய்ந்து, இரகசியம் பேசுகிற குரலில் மண்டபம் முழுவதுக்கும் சொன்னார்:

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, இவ குடுக்கிறதை நிறுத்தட்டுமேன்னு நானும் ஒரே ஒரு தடவை 'சரியாயிடுச்சு'ன்னுதான் சொன்னேன் தம்பி. மறுநாள் கம்பெனி ஆரம்பிச்சுட்டா."